சொந்தமாக ஒரு மரவேலை மேசை, அதற்கு ஒரு வைஸ்: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

மரவேலை கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவர்கள் முதலில் காசைக் கொட்டுவது உளியிலும் இழைப்புளியிலும்தான். வாங்கி வந்து ஒரு பலகையை டைனிங் டேபிள் மேல் வைத்து இழைத்தால் பலகை நகரும், அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இழைத்தால் மேசையே நகரும், கடைசியில் "இந்த இழைப்புளி சரியில்லை" என்று அது பரண் மேல் போய்விடும். இழைப்புளியில் பெரும்பாலும் குறை இருக்காது. மரம் அசையாமல் நின்றால்தான் கருவி வேலை செய்யும். நம்மூர் ஆசாரி தரையில் உட்கார்ந்து, பலகையைக் கால் கட்டைவிரலாலும் குதிகாலாலும் பிடித்து உளி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் கருவிக்கு வைஸ் என்று பெயர், அவருக்கு வைஸ் அந்தக் கால்தான். சின்ன வயதிலிருந்து பழகிய கால் அது, நமக்கு இரண்டு வாரத்தில் வந்துவிடாது. ஆகவே நாம் நின்று வேலை செய்யும் வழியைப் பார்ப்போம்.

கடையில் விற்கும் இரும்பு வைஸை வாங்கி மேசையில் மாட்டினால் போதாதா என்று கேட்பார்கள். அது இரும்பு வேலை செய்யும் ஃபிட்டருக்கானது. கவ்விப் பிடிக்கும் அதன் தாடையில் பல் இருக்கும், மரத்தில் அச்சுப் பதியும், தவிர நாலு இன்ச் அகலத் தாடையில் ஒரு நீளப் பலகையை நிறுத்த முடியாது. மரவேலைக்கென்றே வரும் வைஸ் நல்லதுதான், ஆனால் விலை அதிகம். வீட்டில் செய்துகொள்வது அதைவிடச் சுலபம், பிடியும் பல நேரம் அதைவிட நன்றாகவே இருக்கும்.

ஒரு சிக்கல் இருக்கிறது: மேசை செய்யவே ஒரு மேசை வேண்டும். அதனால் நான் சொல்லும் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். முதலில் ஒரு சின்ன வைஸ், அப்புறம் மேசை, அதற்கப்புறம் மேசையின் காலில் பெரிய வைஸ்.

முதலில் சின்ன வைஸ்

இரண்டு பலகை, இரண்டு திரெட் ராட் (முழு நீளத்துக்கும் மரை போட்ட இரும்புக் கம்பி), சில நட்டுகள். இதை மாக்சன் வைஸ் என்பார்கள், 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கைத்தொழில்கள் பற்றி நூல் எழுதிய ஜோசப் மாக்சனின் பெயரால். ஒன்றரை இன்ச் தடிமன், 6 இன்ச் அகலம் உள்ள நல்ல காய்ந்த பலகையில் ஒரு துண்டு 24 இன்ச், இன்னொரு துண்டு 30 இன்ச். நீளமானது பின்பக்கம் போகும், இருபக்கமும் மூன்று இன்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காதுகளில் சி கிளாம்ப் (சி வடிவ இரும்புப் பிடி) போட்டு எந்த மேசையிலும் இறுக்கிவிடலாம், சமையலறை கிரானைட் மேடையில்கூட. (அடியில் ஒரு பழைய துணி போடுங்கள், வீட்டில் சத்தம் வராது.)

16 மி.மீ. திரெட் ராட் ஹார்டுவேர் கடையில் ஒரு மீட்டர் நீளத்தில் கிடைக்கும். 10 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பலகையையும் நடு ஒத்துப்போகும்படி சேர்த்து கிளாம்ப் போட்டு, 17 இன்ச் இடைவெளியில் இரண்டு துளையை ஒரே தடவையில் இரண்டிலும் ஊடுருவிப் போடுங்கள். தனித்தனியாக அளந்து போட்டால் ஒரு மி.மீ. தப்பினாலும் ராட் சிக்கும். பின்பலகையில் ராட் அசையக் கூடாது, ஆகவே முன்னால் ஒரு நட்டு, பின்னால் ஒரு நட்டு போட்டு வாஷரோடு இறுக்கிவிட வேண்டும். முன்னால் வரும் நட்டு மரத்துக்குள் மறைய வேண்டும், அதனால் அந்த இடத்தில் உளியால் பள்ளம் எடுங்கள். முன்பலகையின் துளைகளை மட்டும் உருண்டை ராவியால் (அரத்தால்) பக்கவாட்டில் சற்று நீள்வட்டமாக்குங்கள். ஒரு முனை தடிப்பாகவும் மறுமுனை மெலிதாகவும் இருக்கும் மரத்தைப் பிடிக்கும்போது முன்பலகை சாய இடம் வேண்டும்.

கையால் திருகும் நட்டுக்கு, 18 மி.மீ. பிளைவுட்டில் மூன்றரை இன்ச் வட்டம் வெட்டி, நடுவில் நட்டின் ஆறு முக வடிவத்தை வரைந்து குடைந்து, நட்டை எபாக்ஸி பசையால் உட்கார வைத்தால் ஆயிற்று. வெட்டும்போது மரம் ஆடாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பது இந்த இடத்தில்தான் முதன்முதலில் தெரியும். மேசைக்கான சட்டங்களை எல்லாம் இதில் பிடித்துத்தான் அறுக்கப் போகிறீர்கள்.

மேசை: உயரம், மரம், கணக்கு

உயரத்தை யார் சொல்லியும் வைக்காதீர்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையைத் தரைக்கு இணையாக மடக்குங்கள். தரையிலிருந்து உள்ளங்கை வரை எவ்வளவோ அதுதான் உங்கள் மேசை உயரம். ஐந்தரை அடி ஆளுக்கு 31, 32 இன்ச் வரும். இழைப்பு வேலையே அதிகம் என்றால் ஒரு இன்ச் குறைக்கலாம், நுணுக்கமான வேலை அதிகம் என்றால் கூட்டலாம். எழுதும் மேசை உயரத்தில் செய்தால் முதுகு போகும், சமையல் மேடை உயரத்தில் செய்தால் தோள் போகும்.

மேல்பலகைக்கு நான் பிளைவுட்டையே சொல்வேன். கனமான தேக்குப் பலகையை வாங்கி ஒட்டி, மட்டமாக இழைத்து, அது மழைக்காலத்தில் ஊதி வெயில்காலத்தில் சுருங்குவதைச் சமாளிப்பதெல்லாம் முதல் மேசையில் தேவையில்லாத வேலை. 18 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று வாங்கி, கடையிலேயே நாலடிக்கு இரண்டடியாக நாலு துண்டு போடச் சொல்லுங்கள். மூன்றை அடுக்கி ஒட்டினால் 54 மி.மீ. தடிமன், ஆடாது, வளையாது. நாலாவது துண்டு கீழ்த்தட்டு. ஒரு ஷீட்டில் ஒரு துண்டுகூட வீணாகவில்லை. நாலடி மேசை சின்னதுதான், ஆனால் அடுக்குமாடி வீட்டு பால்கனியிலும் மொட்டைமாடிப் படிக்கட்டு அறையிலும் அதுதான் நுழையும்.

காலுக்கும் சட்டத்துக்கும் வேம்பு போதும். கனம், பலம், பூச்சி அவ்வளவாகச் சீண்டாது. ஆனால் மரவாடியில் கிடைக்கும் வேம்பு பாதி நேரம் பச்சையாக இருக்கும். தொட்டால் குளிர்ச்சியாக, தூக்கினால் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தால் அது காயவில்லை. அப்படிப்பட்டதை வாங்கினால் நடுநடுவே ரீப்பர் துண்டு கொடுத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்கிச் சில மாதம் மறந்துவிடுங்கள். அவசரம் என்றால் பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைக்குப் போங்கள். உத்தரம், நிலை, ஜன்னல் சட்டம் என்று பல வருடம் காய்ந்த மரம் கிடைக்கும், பல நேரம் புது மரத்தைவிட மலிவாக. ஒரே தொல்லை ஆணி. காந்தம் ஒன்றை மரம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு மில்லுக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் மில்காரர் திட்டுவார், அதில் நியாயமும் உண்டு.

பேக்கிங் பெட்டி பைன் மரமும் சட்டத்துக்கு உதவும், எடை குறைவு என்பதுதான் குறை. வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் முத்திரை இருக்கும். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது, வேண்டாம்.

தேவையான மரம்: மூன்றுக்கு மூன்று இன்ச்சில் மேசைக்கால் நாலு, நாலுக்கு ஒன்றரை சட்டம் 22 இன்ச்சில் நாலு, அதே சட்டம் 40 இன்ச்சில் மூன்று, வைஸ் முன்பலகைக்கு எட்டுக்கு இரண்டு 30 இன்ச்சில் ஒன்று. எல்லாம் சேர்த்துச் சேதாரத்தோடு 2 கன அடி. மில்லிலேயே நாலு பக்கமும் பிளேனிங் போட்டுத் தரச் சொல்லுங்கள். மூன்று இன்ச் கால் இரண்டே முக்காலாகத்தான் கைக்கு வரும், அது சகஜம். அதனால் இனி நான் சொல்லும் எந்த எண்ணையும் அப்படியே எடுக்காமல், கையில் இருக்கும் துண்டை வைத்தே கோடு போடுங்கள். போல்ட்டையும் மரம் வந்தபின் அளந்து வாங்குங்கள்.

கால் சட்டம் கட்டுவது

கால் நீளம் என்பது உங்கள் மேசை உயரத்தில் 54 மி.மீ. கழித்தது. நாலு காலையும் ஒரே அளவில் அறுத்து, பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து கிளாம்ப் போட்டு, மூலைமட்டத்தை வைத்து நாலிலும் ஒரே கோடாக இழுங்கள். தனித்தனியாக அளப்பதில்தான் மேசை கோணலாகிறது.

கூட்டு எளிமையானதுதான். காலில் முக்கால் இன்ச் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, சட்டத்தை அதில் உட்காரவைத்து, 10 மி.மீ. போல்ட் இரண்டு போட்டு இறுக்குகிறோம். கழுந்தும் துளையும் போட்டு, அதாவது ஒரு மரத்தின் முனையை மெலிதாக்கி இன்னொன்றின் துளையில் செருகிச் செய்தால் அழகுதான், ஆனால் புதியவருக்குப் பதினாலு கழுந்து என்பது ஆர்வத்தையே கொன்றுவிடும். இந்தப் பள்ளக் கூட்டில் எடையை மரமே தாங்கும், போல்ட் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் பார்க்கும். வீடு மாறும்போது கழற்றியும் எடுத்துப்போகலாம்.

இடதுபக்கக் கால் இரண்டையும் இணைக்கும் குட்டைச் சட்டம் மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் சட்டம் காலின் தலையோடு சமமாக. கீழ்ச் சட்டத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 7 இன்ச்சில். இந்தப் பள்ளங்கள் காலின் வெளிப்பக்கத்தில், அதாவது மேசையின் பக்கவாட்டில் வரும். வலதுபக்கமும் இதே மாதிரி. நீளச் சட்டம் மூன்றில் இரண்டு கீழே, முன்னொன்று பின்னொன்று, அடிவிளிம்பு 11 இன்ச்சில், குட்டைச் சட்டத்துக்கு நேர் மேலே. மூன்றாவது பின்பக்கம் மேலே, மேல் குட்டைச் சட்டத்துக்குச் சற்றுக் கீழே. நீளச் சட்டத்துக்கான பள்ளங்கள் காலின் உள்முகத்தில் இருக்க வேண்டும். முன்பக்கக் காலின் முகத்தில் எதுவும் துருத்தக் கூடாது, வைஸ் அங்கேதான் வருகிறது, அதனால் அங்கு வரும் போல்ட் தலைகளையும் குழியெடுத்து உள்ளே இறக்கிவிடுங்கள். குட்டைச் சட்டமும் நீளச் சட்டமும் வேறு வேறு உயரத்தில் இருப்பதால் போல்ட்டுகள் ஒன்றோடொன்று முட்டாது, காலும் ஒரே இடத்தில் இரண்டு பள்ளம் விழுந்து பலவீனமாகாது.

பள்ளம் வெட்ட, கோட்டுக்குள் அரை இன்ச்சுக்கு ஒரு அறுப்பு வீதம் ரம்பத்தால் முக்கால் இன்ச் ஆழம் அறுத்து, நடுவில் நிற்கும் துண்டுகளை உளியால் தட்டினால் உதிர்ந்துவிடும். அடியைச் சமன்படுத்தும்போது இருபக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி உளி ஓட வேண்டும், ஒரே பக்கமாகப் போனால் மறுபக்க விளிம்பு பிய்ந்துவிடும். சட்டம் கையால் தட்டினால் இறங்கும் அளவுக்கு இறுக்கமாக இருப்பது நல்லது.

எல்லாவற்றையும் பசை இல்லாமல் ஒருமுறை பொருத்துங்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பாருங்கள், இல்லையென்றால் நீளமான மூலையைத் தள்ளிச் சரிசெய்து, அந்த நிலையில் கிளாம்ப் போட்டுவிட்டு அப்புறம் போல்ட் துளை போடுங்கள். வாஷர் இல்லாமல் நட்டு இறுக்காதீர்கள், மரத்தில் புதைந்துவிடும். இரண்டு பக்கச் சட்டங்களுக்கு மட்டும் பசையும் போட்டு நிரந்தரமாக்கலாம், நீளச் சட்டங்கள் போல்ட்டோடு மட்டும் நிற்கட்டும்.

மேல்பலகை ஒட்டுவது

வீட்டிலேயே மட்டமான இடம் எதுவோ, கிரானைட் தரையோ டைல்ஸ் தரையோ, அங்கே பழைய செய்தித்தாள் விரித்து, மேலே வர வேண்டிய ஷீட்டை முகம் கீழாகப் படுக்கவையுங்கள். ஃபெவிகால் மரைனைத் தாராளமாக ஊற்றி, பழைய பிளாஸ்டிக் கார்டின் விளிம்பில் பல் பல்லாக வெட்டி அதனால் இழுத்துப் பரப்புங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், நம்மூர் மே மாதத்தில் பசை நாம் பரப்பி முடிப்பதற்குள் தோல் கட்டிவிடும். இரண்டாவது ஷீட்டை வைத்து, ஆறு இன்ச்சுக்கு ஒன்றாக 30 மி.மீ. ஸ்க்ரூ ஏற்றுங்கள். இரண்டு ஷீட் சேர்ந்து 36 மி.மீ., ஆகவே முனை மறுபக்கம் எட்டாது. மூன்றாவதும் அப்படியே. எல்லா ஸ்க்ரூவும் அடிப்பக்கத்திலிருந்தே ஏறுவதால் வேலைமுகத்தில் ஒரு இரும்புகூட இருக்காது, இழைப்புளிக்கும் உளிக்கும் அது முக்கியம். மேலே 20 லிட்டர் தண்ணீர் கேன் நாலைந்து ஏற்றி ஒருநாள் விட்டுவிடுங்கள்.

சட்டத்தின் மேல் ஏற்றும்போது மேல்பலகையின் முன்விளிம்பும் முன்கால்களின் முகமும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். பின்னால் இரண்டு இன்ச், பக்கவாட்டில் நாலு இன்ச் வெளியே நீட்டும், கிளாம்ப் போட அது உதவும். முன்னால் மட்டும் நீட்டக் கூடாது. ஒரு கதவுப் பலகையை விளிம்பு மேலாக நிறுத்தி இழைக்க வேண்டும் என்றால் அது மேல்பலகையிலும் காலிலும் ஒட்டி நின்றால்தான் நிற்கும். எல் ஆங்கிள் வைத்து அடியிலிருந்து முடுக்குங்கள். பிளைவுட் ஊதிச் சுருங்காது என்பதால் இறுக்கமாகவே முடுக்கலாம். கீழ்த்தட்டை நீளச் சட்டங்கள் மேல் வைக்க, கால் சட்டத்தின் அளவுக்கு அறுத்து, மூலைகளில் காலுக்கு இடம் வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது மேசை 60, 70 கிலோ இருக்கும். அந்த எடைதான் உங்களுக்கு வேண்டியது.

கால் வைஸ்

இதுதான் இந்த வேலையின் சுவாரசியமான பகுதி, அவசரப்படாமல் செய்யுங்கள். இடதுபக்க முன்காலே வைஸின் பின்தாடை (இடதுகைக்காரர் என்றால் வலதுபக்கக் கால்). எட்டு இன்ச் அகல முன்பலகை முன்தாடை. நடுவில் ஒரு திருகு, அடியில் ஒரு பட்டை. அவ்வளவுதான்.

திருகுக்கு மூன்று வழி. 20 மி.மீ. திரெட் ராட் எங்கும் கிடைக்கும், பிடி அபாரம், ஆனால் ஒரு சுற்றுக்கு இரண்டரை மி.மீ.தான் நகரும், ஒரு இன்ச் திறக்கப் பத்துச் சுற்று. இரண்டாவது, பழைய இரும்புக் கடையில் கிடக்கும் கார் ஜாக்கியின் திருகு. மூன்றாவது எனக்குப் பிடித்தது: கட்டடத்தில் சென்டரிங் பலகைக்கு முட்டுக் கொடுக்கும் ஜாக்கியின் மேல்பாகம். பருமனான திருகு, பெரிய மரை, வார்ப்பு இரும்பு நட்டு காதுகளோடு சேர்ந்தே வரும், அந்தக் காதையே மரத்தில் போல்ட் போட்டுப் பொருத்திவிடலாம். எடை போட்டுத்தான் விலை. துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துக் கிரீஸ் தடவினால் பேரப்பிள்ளை காலம்வரை ஓடும். கையில் லேத் பட்டறைத் தொடர்பு இருந்தால் சதுர மரை போட்டுக் கேட்கலாம், ஆனால் முதல் வைஸுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

20 மி.மீ. ராடு என்றே வைத்துச் சொல்கிறேன், மற்றவற்றுக்குத் துளை அளவு மட்டும் மாறும். 18 இன்ச் வெட்டி வெல்டிங் பட்டறைக்குப் போய் இரண்டு வேலை சொல்லுங்கள். ஒன்று, ராடின் ஒரு முனையில் பெரிய நட்டு ஒன்றைப் பற்றவைத்து அதன் குறுக்கே 10 இன்ச் கைப்பிடிக் கம்பி. இரண்டு, மூன்று இன்ச் சதுர 6 மி.மீ. தகட்டின் நடுவில் துளை போட்டு அதன் மேல் ஒரு நட்டு, மூலைகளில் நாலு ஸ்க்ரூ துளை. பற்றவைக்கும்போது நட்டுக்குள் ஒரு போல்ட்டைத் திருகி வைக்கச் சொல்லுங்கள், தீப்பொறி மரைக்குள் தெறித்தால் ராடு ஏறாது.

முன்பலகையைக் காலோடு சேர்த்து, மேல்விளிம்பு மேசைமட்டத்தோடு சமமாக, கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். மேலிருந்து ஒன்பது இன்ச் கீழே, 22 மி.மீ. துளையை இரண்டையும் ஊடுருவிப் போடுங்கள். மறுபக்கம் ஒரு வேஸ்ட் கட்டையை அணைத்துக்கொண்டால் மரம் பிளந்துகொண்டு வராது. நட்டுத் தகடு காலின் பின்முகத்தில் வர வேண்டும். இறுக்கும்போது திருகு தகட்டை முன்னோக்கி இழுக்கும், அது காலில் அழுந்தும், அதனால் நாலு சின்ன ஸ்க்ரூ போதும், அவை தகடு சுற்றாமல் பார்த்துக்கொண்டால் சரி. தகட்டை முன்முகத்தில் வைத்தால் மொத்த விசையும் ஸ்க்ரூவைப் பிடுங்கும்.

திறக்கும்போது முன்பலகையும் திருகோடு கூடவே வர வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் கையால் இழுக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்பலகையின் உள்முகத்தில் துளையைச் சுற்றி 45 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழத்துக்குக் குழியெடுத்து, ராடை நுழைத்தபின் அந்தக் குழிக்குள் ஒரு வாஷரும் நட்டும் ஏற்றி, லேசாகச் சுற்றும் அளவுக்கு விட்டு, நட்டு நகராமல் குறுக்கே சின்னத் துளை போட்டு ஆணி ஒன்றைத் தட்டிவிடுங்கள்.

அடிப்பட்டையைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள், அப்புறம் வைஸ் பிடிக்கவில்லை என்கிறார்கள். திருகு நடுவில் இழுக்கிறது, மேலே மரம் இருக்கிறது, கீழே எதுவும் இல்லையென்றால் முன்பலகையின் அடி உள்ளே மடங்கும், தலை வெளியே விரியும். கீழேயும் மரத்தின் அளவுக்கே ஒரு தடை வேண்டும். முக்கால் இன்ச் தடிமன், இரண்டரை இன்ச் உயரம், 14 இன்ச் நீளமுள்ள கெட்டிப் பட்டையை முன்பலகையின் அடியில் நேர்கோணத்தில் பொருத்துங்கள், துளையில் இறக்கிப் பசையும் முளையும் அடித்தால் நல்லது. காலில் தரையிலிருந்து மூன்று இன்ச் மேலே, பட்டை தாராளமாகப் போய்வரும்படி நீள்சதுரத் துளை வெட்டுங்கள். பட்டையில் 12 மி.மீ. துளைகள் இரண்டு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு இன்ச் இடைவெளி, ஆனால் ஒரு வரிசை மற்றதைவிட அரை இன்ச் தள்ளி. இப்போது அரை இன்ச்சுக்கு ஒரு நிலை கிடைக்கிறது. கம்பி முளையைக் காலுக்கு முன்னால் துளையில் செருகினால் பட்டை அதற்கு மேல் உள்ளே போகாது. பிடிக்கப்போகும் மரத்தின் தடிமனைவிடக் கீழ் இடைவெளி கொஞ்சம் அதிகமாக இருக்கும்படி முளையைச் செருகுங்கள், தலை முதலில் கவ்வும், அப்புறம் இறுக இறுகப் பிடிக்கும்.

தாடைகளின் உள்முகத்தில் பழைய தோல் பெல்ட்டோ சைக்கிள் டியூபோ வெட்டி ஒட்டுங்கள். கைப்பிடியைப் பாதி அழுத்தமாகத் திருப்பினாலே போதும், பலகை அசையாது.

மீதி வேலை

நீளப் பலகையைப் படுக்கவைத்து இழைக்க வைஸ் வேண்டியதில்லை, மேசையின் இடதுகோடியில் ஒரு தடை போதும். அரை இன்ச் உயர ரீப்பர் துண்டை இரண்டு ஸ்க்ரூவால் முடுக்கி, தலைகளை ஆழமாக உள்ளே இறக்கிவிடுங்கள், பலகை அதில் முட்டி நிற்கும். கொல்லர் பட்டறை பக்கத்தில் இருந்தால் 18 மி.மீ. மொழுக்கை இரும்புக் கம்பியை வளைத்து முனையைத் தட்டையாக்கிய பிடிகம்பி ஒன்று கேளுங்கள். மேல்பலகையில் 20 மி.மீ. துளையில் இறக்கி மேலே ஒரு தட்டு தட்டினால் கவ்விக்கொள்ளும், பின்னாலிருந்து தட்டினால் விடும். துளை போடுமுன் அடியில் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மேல்பலகைக்கு வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை தேய்த்துத் துடைத்தால் போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், தண்ணீரில் நனைத்தோ கொடியில் விரித்தோ காயவிடுங்கள். தரைத்தளத்தில் வைப்பதாக இருந்தால் காலடியில் ரப்பர் துண்டு வைத்தால் ஈரத்துக்குத் தடை, மேசையும் நகராது. ஆடினால் எந்தக் கால் தூக்கியிருக்கிறதோ அதன் அடியில் மெல்லிய துண்டைச் செருகிப் பாருங்கள், அந்த அளவை மற்ற மூன்று காலில் குறித்து அறுத்துவிடலாம்.

கொட்டாப்புளியால் உளி தட்டும் வேலையை எப்போதும் காலுக்கு நேர் மேலே வைத்துச் செய்யுங்கள். மேல்பலகை அதிராது, கீழ்வீட்டுக்காரரும் மேலே வரமாட்டார். போல்ட்டுகளை முதல் வெயில்காலம் முடிந்ததும் ஒருமுறை ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டியிருக்கும், மரம் காய்ந்து சுருங்கியிருக்கும்.